வட்டிலின் நாலாவது பொருள்

9 ஜனவரி

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

பத்தாயிரம் பெட்டிகள் அச்சாகி நேற்று கிடங்கில் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ‘அகராதி சொல்கிறது’ என்று ஒரு வரி இருக்கிறது. அது அகராதியில் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நலம் விசாரித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் காரியத்துக்கு மட்டும் எழுதுகிறார் என்பாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால்தான் படியேறும்போது கூட வர மறுக்கிறது. உன் அண்ணிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோபம் இல்லை. உன் கண் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக ஒரு செட் போட்டிருக்கிறேன். நடுவில் வைக்க ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு, இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு. சுற்றிலும் ஆறு கிண்ணம். தட்டு என்று பேர் வைத்தால் தட்டு விலைதான் கிடைக்கும். பழைய பேராக ஒன்று வேண்டும் என்று யோசித்தபோது அப்பா சாப்பிட்ட வெண்கல வட்டில் ஞாபகம் வந்தது. ‘வட்டில்’ என்றே வைத்துவிட்டேன். விளம்பரக்காரர் கேட்டார்:

“வட்டில்னா என்ன சார் அர்த்தம்?”

“குடும்பமே சுத்தி உக்காந்து சாப்பிடற ஒரே பாத்திரம்.”

“அகராதியிலயே அப்படித்தான் இருக்கா?”

“என் தங்கச்சி அகராதி ஆபீஸ்லதான் இருக்கா. தைரியமா போடுய்யா.”

போட்டுவிட்டார். எட்டு இடத்தில் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடை மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. அவர்கள் மேனேஜர் ஒரு விடாக்கண்டன். “அகராதின்னு போட்டிருக்கீங்க, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துடுங்க. நாளைக்கு எவனாவது இது பொய்னு கிளம்பினா எங்க தலையிலதான் விடியும்” என்கிறார்.

மாதிரிக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். பக்க எண்ணை எழுதி அனுப்பு. போன் வேண்டாம். வாய்ப்பேச்சில் நான் வியாபாரம் பண்ணுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அண்ணன்


18 ஜனவரி

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். கண்ணாடியின் எண் ஒரு படி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அண்ணி மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா? நீங்கள் கிடங்கு ஏணியில் ஏறாமல் இருந்தாலே முழங்கால் பாதி சரியாகிவிடும்.

அப்படி ஒரு பக்கம் இல்லை அண்ணா.

வட்டில் பழைய சொல். வட்டம், வட்டு, வட்டி, வட்டில் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வட்டி என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள், நான் சொல்வது பழைய பாட்டுகளில் வருகிற கூடை. சொல்லுக்குச் சான்று எழுதி வைக்கும் எங்கள் சீட்டுகளில் வட்டிலுக்கு மூன்று பொருள் இருக்கிறது. ஒன்று, உண்கலம். இரண்டு, கிண்ணம். மூன்று, நாழிகை வட்டில். அடியில் ஊசித் துளை போட்ட சின்னக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். மெல்ல நிறைந்து அது மூழ்கினால் ஒரு நாழிகை ஆயிற்று என்று கணக்கு.

இந்தச் சொல்லுக்கு என்னிடம் நாற்பத்தொரு சீட்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் வட்டில் ஒரே ஒருவர் முன்னால்தான் இருக்கிறது. பலர் கூடி உண்டதாக ஒன்றுகூட இல்லை. யாரோ சொன்னார்கள் என்று எங்கள் அகராதியில் ஒரு பொருளைச் சேர்க்க முடியாது. மூன்று சீட்டு வேண்டும். மூன்றும் அச்சில் வந்த வாக்கியமாக இருக்கவேண்டும். மூன்று வெவ்வேறு ஆட்கள் எழுதி, மூன்று வெவ்வேறு அச்சகத்தில் வந்திருக்கவேண்டும். இந்த விதியை எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டியவளே நான்தான்.

இப்போது ‘வ’ தொகுதியில் இருக்கிறோம். இதுதான் கடைசி. ‘அ’விலிருந்து நடந்து இங்கே வந்து சேர இருபத்தாறு வருஷமாகியிருக்கிறது. இந்தத் தொகுதியின் முதல் பக்கத்தில் ‘தொகுத்தவர்’ என்று என் பெயரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே வட்டிலைச் சுற்றி உட்கார்ந்து குடும்பமே மகிழ்ச்சியாக உண்டது என்று உங்கள் பெட்டியில் படிக்க அழகாகத்தான் இருக்கிறது. நம் வீட்டில் வட்டில் அப்பாவுடையது. அவருக்குப் பிறகு உங்களுடையது. அம்மாவும் நானும் பானை மூடியில் சாப்பிட்டோம்.

‘அகராதி’ என்ற சொல்லின் மேல் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்
தங்கை


25 ஜனவரி

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்ணாடிக்காரனை மாற்று, வருஷத்துக்கு ஒரு எண் கூட்டுகிறவன் வைத்தியன் இல்லை, வியாபாரி. இங்கே எல்லோரும் அப்படியே இருக்கிறோம்.

துண்டுக் காகிதம் ஒட்டு என்கிறாய். ஒட்டினால் வாங்குகிறவன் முதல் காரியமாக அதைத்தான் சுரண்டிப் பார்ப்பான். நீ சொன்ன மூன்றாவது பொருளை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். “அடியில ஓட்டைன்னு மட்டும் வெளியில மூச்சு விட்டுடாதீங்க, இருக்கற யாவாரமும் முழுகிடும்” என்றாள்.

சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பாய் என்று உன்னை அகராதி பிடித்தவள் என்று திட்டுவோம். நீ போய் அந்த ஆபீசிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாய். அது இருக்கட்டும்.

பானை மூடி பற்றி எழுதியிருந்தாய். அப்போது எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அந்த வட்டில் மட்டும் இப்போது கையில் இருந்திருந்தால் பெட்டி மேல் அதன் படத்தையே போட்டிருப்பேன். வீடு மாற்றும்போது தொலைந்து போயிற்று. என்ன செய்வது.

உன் வேலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது என்று இப்போதுதான் உறைக்கிறது. கொஞ்சம் விவரமாக எழுது. அச்சில் வந்தது என்றால் எதுவெல்லாம் சேரும்? காலண்டர் சேருமா? விழா மலர்? வாரப் பத்திரிகைக் கதை? கடை விலைப்பட்டியலில் யாராவது பெரியவர்கள் முன்னுரை எழுதினால்?

அண்ணன்


3 பிப்ரவரி

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

நலம்தான். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இத்தனை வருஷத்தில் என் வேலை பற்றி நீங்கள் கேட்ட முதல் கேள்வி இது. மேஜையில் வைத்திருந்ததைப் பார்த்து எங்கள் பதிப்பாசிரியர், “என்னம்மா, காலையிலேருந்து முகம் ஒரு மாதிரி பளிச்சுனு இருக்கு?” என்று கேட்டார்.

காலண்டர் சேராது, அதில் எழுதியவர் பெயர் இருக்காது. விழா மலர் சேரும். வாரப் பத்திரிகைக் கதை நன்றாகச் சேரும். பேச்சு வழக்குக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. விலைப்பட்டியல்கூடச் சேரும், யார் எழுதியது என்று கீழே பெயரோ பதவியோ இருந்தால் போதும். ‘அலுமினியம்’ என்ற சொல்லுக்கு ஒரு பழைய பாத்திரக் கடை விலைப்பட்டியலைத்தான் சான்றாகக் காட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவு சீட்டில் கையால் எழுதுவோம். மேல் வரியில் சொல், நடுவில் வாக்கியம், கீழே எழுதியவர், அச்சகம், தேதி. சீட்டுகள் தகர டப்பாக்களில் நிற்கும். ‘வ’வுக்கு மட்டும் அறுபத்திரண்டு டப்பா.

இங்கே அறைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் தூசி. வேறு ஒன்றுமில்லை. ஒருநாள் வந்து பாருங்கள் அண்ணா. உங்களுக்கு டப்பாக்கள் பிடிக்கும். எல்லாம் கெட்டித் தகரம்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


22 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ கேட்ட மூன்றும் இத்துடன் இருக்கிறது.

முதலாவது, எங்கள் வணிகர் சங்கத்தின் வெள்ளிவிழா மலர். பக்கம் 44. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் குடும்ப ஒற்றுமை பற்றி எழுதியிருக்கிறார். “வட்டில் என்பது இல்லத்தார் அனைவரும் கூடி உண்ணும் கலம்” என்ற வாக்கியம் சுத்தமாக விழுந்திருக்கிறது. இரண்டாவது, வாரப் பத்திரிகைக் கதை. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக் கடைசியில் சமாதானமாகிறார்கள். சமாதானம் ஆகிற இடத்தில் வட்டில் வருகிறது. எழுதிய அம்மாளுக்கு ஒரு செட் அனுப்பினேன். இன்னொரு செட் கிடைத்தால் இன்னொரு கதையிலும் போடுவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன்.

மூன்றாவது எங்கள் புது விலைப்பட்டியல். முதல் பக்கத்தைப் பார். எழுதியவள் நீதான். “ஒரே வட்டிலைச் சுற்றி உட்கார்ந்து குடும்பமே மகிழ்ச்சியாக உண்டது.” கீழே உன் பதவி: அகராதி அலுவலகத்தின் மூத்த தொகுப்பாளர். உன் ஜனவரிக் கடிதத்திலிருந்து எடுத்தது. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

மூன்று ஆள், மூன்று அச்சகம். அச்சக ரசீதுகளையும் வைத்திருக்கிறேன். உன் விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது. சீட்டை எழுதிவிட்டு, ‘வ’ அச்சாகும்போது அந்தப் பக்கத்தின் மெய்ப்பு ஒன்று அனுப்பு. மேனேஜர் ஜூலை வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சரக்குக்கு முத்திரை வேண்டும் என்றால் முத்திரை எப்படிக் குத்துகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு குத்துவதுதான் முறை.

அண்ணன்


19 ஏப்ரல்

தங்கைக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று உன் அண்ணி ஒரு பக்கம் அரிக்கிறாள். திங்கட்கிழமை நானே ரயில் ஏறி வந்துவிட்டேன்.

செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி என்று நீ என்றைக்கும் எழுதியதில்லை. என் முழங்காலுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கலாம். உள்ளே ஆறு மேஜை, அதில் நாலு காலி. சுவரோரம் டப்பாக்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். உங்கள் பதிப்பாசிரியர், அந்தக் கழுத்தில் மப்ளர் சுற்றிய மனிதர், எழுந்து நின்றார்.

“அவங்க லீவு. நீங்க…”

“அண்ணன்.”

“ஓ, விலைப்பட்டியல்!” என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

நான் அவரோடு பேசிக்கொண்டே பார்த்தேன். உன் நாற்காலியில் உன் குடை தொங்கியது. வெளியே கொட்டுகொட்டென்று மழை. மழை நாளில் குடையை விட்டுவிட்டு லீவில் போகிறவள் இல்லை நீ. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. நான் தட்டவில்லை.

“அறை ஒழுங்கு பண்றாங்கன்னு எழுதியிருந்தா” என்றேன்.

“ஒழுங்கா? காலி பண்றோம் சார். அறக்கட்டளைல பணம் தர்றதை நிறுத்திட்டாங்க. ஜூலையோட கட்டடமும் போகுது. ‘வ’ மட்டும் அச்சாகல. டப்பாவெல்லாம் எங்க போகும்னே தெரியல. அவங்க சொல்லலையா?”

நீ சொல்லவில்லை. ‘கொஞ்சம் தூசி’ என்று எழுதினாய்.

நான் வியாபாரி, சுற்றி வளைக்கத் தெரியாது. ‘வ’ தொகுதியை நான் அச்சடித்துத் தருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். உனக்கு அனுப்பிய மூன்று அச்சுக்கும் கையோடு கொண்டுபோயிருந்த இன்னொரு பிரதியைக் காட்டி, விதிப்படி சரியா என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “விதியில தப்பு சொல்ல முடியாது. இப்படி ஒருத்தர் வருவார்னு இந்த விதியை எழுதினப்ப யாருக்கும் தோணல” என்றார். சீட்டில் தொகுப்பாளர் கையெழுத்து இல்லாமல் தான் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார்.

ஆக, உன் கையெழுத்துதான் பாக்கி.

அண்ணன்


27 ஏப்ரல்

அண்ணாவுக்கு,

நீங்கள் முழங்காலோடு மூன்று மாடி ஏறியதற்கு வருந்துகிறேன். உள்ளறையில் இருந்தேன். லீவு என்று சொல்லச் சொன்னது நான்தான்.

நான் எழுதிய வாக்கியத்தை ‘உண்டது’ என்ற இடத்தில் வெட்டிவிட்டீர்கள். ‘என்று உங்கள் பெட்டியில்’ எங்கே போயிற்று? ‘நம் வீட்டில் வட்டில் அப்பாவுடையது’ எங்கே போயிற்று? இருபத்தாறு வருஷமாகப் பிறர் எழுதியதை ஒரு புள்ளி மாறாமல் எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் சொந்த வாக்கியம் ஒன்று முதல் தடவையாக அச்சில் வந்தது. அது நான் சொல்லாதது.

என் வேலை பற்றி விவரம் கேட்டீர்களே, அன்றைக்கு நான் உங்களுக்குப் பதில் எழுதிய சந்தோஷத்தை நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

இன்னொன்று. வட்டில் வீடு மாற்றும்போது தொலைந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் கல்லூரியில் சேர வேண்டிய வாரம், அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள், வட்டில் இல்லை. அது என் படிப்புக்கென்று அவள் எடுத்து வைத்திருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நான் கடைத்தெருவுக்குப் போனேன். பழைய பாத்திரக் கடையில் அது தராசில் இருந்தது. விளிம்பில் அப்பா ஒருநாள் சாப்பாட்டோடு விட்டெறிந்த நசுங்கல், தூரத்திலிருந்தே தெரிந்தது. கடைக்காரர், “ஒரு தம்பி காலையில குடுத்துட்டுப் போச்சு” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், “வீடு மாத்தறப்ப எங்கயோ விட்டிருப்போம்மா” என்று சொன்னேன். அந்தப் பொய் என்னுடையது. உங்களுக்காகச் சொன்னது. அதையே எனக்குத் திருப்பி எழுதுகிறீர்கள்.

சீட்டில் கையெழுத்துப் போட மாட்டேன்.

தங்கை


5 மே

தங்கைக்கு,

ஆமாம். விற்றேன்.

இத்தனை வருஷமாகத் தெரிந்தே வைத்திருந்தாய் என்பது எனக்குப் புதிது. நாலு நாள் கடைக்குப் போகவில்லை. உன் அண்ணி என்னவென்று கேட்டாள், முழங்கால் என்றேன்.

ஆனால் கணக்கை முழுசாகப் போடு. அந்த வட்டிலில் உனக்கு ஒரு வருஷப் படிப்புதான் வந்திருக்கும். எனக்கு அதில் விளிம்பு கோணிய கழிவுத் தட்டு ஒரு மூட்டை வந்தது. சைக்கிள் கேரியரில் கட்டி வீடு வீடாகப் போய், கோணியதை உள்பக்கம் திருப்பிக் காட்டி விற்றேன். அடுத்த வருஷம் உன்னைக் கல்லூரியில் சேர்த்தது யார்? அதற்கடுத்த வருஷம்? அம்மாவை ஆஸ்பத்திரியில் கடைசி வரை வைத்துப் பார்த்தது எது, பானை மூடியா? தெரியாமல் எடுத்தது தப்பு. எடுத்தது தப்பில்லை. இன்றைக்கும் அதே நிலைமையில் நின்றால் அதையேதான் செய்வேன், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

பழசைப் பேசினால் பொழுது போகும், சரக்கு போகாது. நேராகக் கேட்கிறேன். ஜூலைக்குப் பிறகு உன் அறுபத்திரண்டு டப்பா எங்கே போகும்? உன் வாடகை அறையில் கட்டிலுக்கு அடியில் எத்தனை நுழையும்? ‘அ’விலிருந்து ‘ல’ வரைக்கும் இருக்கிற அகராதி, கைப்பிடி இல்லாத பாத்திரம் மாதிரி. ‘வ’ வெளிவர வேண்டும் என்றால் நான் ஒருவன்தான் இருக்கிறேன். எனக்கு வேண்டியது ஒரு பொருள், ஒன்றரை வரி.

யோசித்து எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


20 மே

அண்ணாவுக்கு,

நலம். ஒரே ஒரு கேள்வி. நாலாவது பொருள் இல்லாமல் அந்தத் தொகுதியை அச்சடித்துத் தருவீர்களா? அண்ணனாகக் கேட்டுக்கொள்கிறேன். எட்டு நாள் யோசித்துத்தான் இந்த வார்த்தையை எழுதுகிறேன்.

தங்கை


26 மே

தங்கைக்கு,

எல்லோரும் நலம்.

முடியாது. அந்தப் பெரிய கடையை நம்பி இரண்டு புது மெஷின் போட்டுவிட்டேன், பன்னிரண்டு ஆள் சேர்த்திருக்கிறேன். மேனேஜர் பக்கம் எங்கே, பக்கம் எங்கே என்று வாராவாரம் கேட்கிறார். சும்மா அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனசு இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றை வாங்காமல் ஒன்றைக் கொடுத்தால் அது என்னிடம் ஒட்டாது, உன்னிடமும் ஒட்டாது. நாளைக்கே தானம் வாங்கினாள் என்று உன் காதுபடப் பேசுவார்கள். வியாபாரம் என்றால் இரண்டு பேரும் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

உன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். அட்டையிலேயே.

அண்ணன்


30 ஜூன்

அண்ணாவுக்கு,

அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது? அவர்கள் தனியாக எனக்கு எழுதியிருந்தார்கள். நான் பதில் எழுதவில்லை என்று வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். அதில் நாலு வாரம் டப்பாக்களுக்கு இடம் தேடி அலைந்தேன். நூலகத்தில், “வெச்சுக்கறோம், ஆனா மழைக்கு ஒழுகும்” என்றார்கள். கல்லூரியில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு மூலையைக் காட்டினார்கள், அங்கே விளக்குமாறு வைத்திருந்தது. பழைய காகிதக் கடைக்காரர் ஒருவர்தான் உடனே எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார், டப்பாவோடு. தகரம் கெட்டி என்று தட்டிப் பார்த்துச் சொன்னார்.

நேற்று நாலாவது பொருளுக்கான மூன்று சீட்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டப்பாவில் வைத்தேன். நாற்பத்தொரு சீட்டுக்குப் பின்னால் உங்களுடையது மூன்று. மொத்தம் நாற்பத்து நாலு. பார்வைக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இனிமேல் யார் எடுத்துப் பார்த்தாலும் உங்கள் சீட்டுக்கும் மற்றதற்கும் ஒரே மரியாதைதான்.

வியாபாரம் என்றீர்கள். என் பக்கம் இது. அட்டையிலும் உள்ளேயும் என் பெயர் இருக்கக் கூடாது. பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன், பேரும் போட்டுக்கொள்ள மாட்டேன். உங்கள் கடை விளம்பரம் புத்தகத்தில் எந்த மூலையிலும் வரக் கூடாது. விலைப்பட்டியலின் முதல் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். நான் கல்யாணமாகாமல் இங்கே வந்த நாளிலிருந்து உங்களுக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப வேண்டும், இதையும் சேர்த்து. என் கையெழுத்தில் ஒரு வரிகூட உங்களிடம் இருக்கக் கூடாது.

தங்கை


14 ஜூலை

தங்கைக்கு,

அந்தப் பெரிய கடையில் மேனேஜர் மாறிவிட்டார். புதிதாக வந்தவரிடம் அகராதிப் பக்கத்தைப் பற்றி நானே பேச்செடுத்தேன். “அதெல்லாம் யார் சார் படிக்கறாங்க? சரக்கை அனுப்புங்க” என்றார். ஆக, எனக்கு அந்தப் பக்கம் இனிமேல் தேவையில்லை. இதை உன்னிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஏற்கனவே ஒன்றை முப்பது வருஷம் சொல்லாமல் விட்டு அனுபவப்பட்டாயிற்று.

ஆனாலும் நாலாவது பொருள் இருக்கட்டும்.

ஒரு பெட்டியை வீட்டு மேஜை மேல் வைத்திருக்கிறேன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த வரி கண்ணில் படுகிறது. படிக்கப் படிக்க நம் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது. அம்மா உட்கார்ந்திருக்கிறாள், நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாய். அப்பா அதட்டாமல் சாப்பிடுகிறார். நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நாம் இருக்கிற வரைக்கும் உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு வருகிறவன் புத்தகத்தைப் பார்த்து நடந்தது என்றே நினைத்துக்கொள்ளட்டும். உன் அண்ணி, “இது உங்களுக்கே நல்லா இருக்கா?” என்று கேட்டாள். “நல்லா இல்லதான்” என்றேன். அன்றிலிருந்து அவள் அந்தப் பெட்டியைத் திருப்பி வைக்கிறாள், நான் நேராக்கி வைக்கிறேன்.

பேசி முடித்தபடி விவரம். ‘வ’ தொகுதி, ஆயிரம் படி, துணி ஒட்டிய கெட்டி அட்டை. ‘வட்டில்’ என்ற சொல்லுக்கு நாலு பொருள். உன் பெயர் எங்கும் இல்லை, என் கடை விளம்பரமும் இல்லை. விலைப்பட்டியலின் முதல் பக்கம் கிழித்தாயிற்று. அறுபத்திரண்டு டப்பாவும் என் கிடங்கின் மேல்தளத்தில் நான் இருக்கும் வரை இருக்கும், வாடகை கிடையாது. இது நீ கேட்காதது, நானாகச் சேர்த்தது. உன் கடிதங்கள் நூற்றுப் பதினெட்டு, தேதி வரிசையில் கட்டி, இதைக் கொண்டுவந்து டப்பாக்களை ஏற்றிப்போகும் லாரி ஆளிடமே கொடுத்திருக்கிறேன். பிரதி எடுக்கவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு ரசீதில் அவனிடமே கையெழுத்துப் போட்டுக் கொடு. தனியாகப் பதில் வேண்டியதில்லை.

அண்ணன்